கொய்மலர்ப் பண்ணைகளில் பெண்களுக்கு ஏன் எப்போதும் "லேசான வேலை"?

வடலி (நெதர்லாந்து)

பெரிய பூ ஏலச் சந்தை உள்ள ஆல்ஸ்மேருக்குப் பக்கத்தில் பூங்கொத்துக் கட்டி அங்காடிகளுக்கு அனுப்பும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பூ நகர்ந்து வரும் எங்கள் பட்டைவரிசையில் (கன்வேயர்) நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: போலந்து, ருமேனியா, பல்கேரியா, நடுவில் என்னைப் போல ஓரிருவர். பெட்டியைத் திறந்தால் கென்யா, எத்தியோப்பியா என்று ஒட்டியிருக்கும். ரோஜா என்றால் அநேகமாகக் கென்யாதான்.

போன கிழமை பளுதூக்கி வண்டி ஓட்டும் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். அதற்கு மணிக்கூலி கூட. மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, "உங்கள் விரல்களை இழக்க எங்களுக்கு மனமில்லை. பூவைப் பெண்கள் தொட்டால்தான் கசங்காது" என்றார். பாராட்டுப் போலத்தான் சொன்னார். ஆனால் பயிற்சிக்குப் போனது, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன்.

அந்தப் பக்கம், பறிக்கிற இடத்திலும் பெண்கள்தான் அதிகம் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்கும் இதே பாராட்டுத்தான் கிடைக்கிறதா? வேலை எப்படி, ஊதியம் எப்படி, மருந்து வாடை எப்படி? நேரில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "மலரே, உன்னைப் பறித்த மங்கை" என்று கவிதை எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.


ஏரிக்கரை (நைவாஷா, கென்யா)

வடலி அக்கா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கத்துக்காரன். தோட்டக்கலை படித்துவிட்டு முதலில் ஒசூர், பிறகு எத்தியோப்பியா, இப்போது இங்கே. எங்கள் துறையில் இது பழகிய பாதைதான். கிழக்கு ஆப்பிரிக்க ரோஜாப் பண்ணைகளில் தமிழும் கன்னடமும் பேசும் பயிர் மேலாளர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

நைவாஷா நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். பூமத்திய ரேகை பக்கம் என்பதால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இரவில் நல்ல குளிர். ரோஜாத் தண்டு நீளமாக, உறுதியாக வருவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஏரியில் தண்ணீர் இருக்கிறது. ஏரியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் மின்னுவதை மேட்டுச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

காலை ஏழு மணிக்குள் பறிப்பு தொடங்கிவிடும். ஒவ்வொரு பெண்ணுக்கும் இத்தனை பாத்தி என்று கணக்கு. மொட்டு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைப் பார்த்து வெட்ட வேண்டும். வகைக்கு வகை இந்த நிலை மாறும். ஒரே வகையிலும் விமானத்தில் போகும் பூவுக்கு ஒரு நிலை, மொம்பாசாவிலிருந்து கப்பலில் நான்கு வாரத்துக்கு மேல் பயணம் செய்யும் பூவுக்கு வேறொரு நிலை. அரை நாள் முந்தினால் மொட்டு விரியாமலே தலை தொங்கிவிடும். அரை நாள் பிந்தினால் வழியிலேயே விரிந்துவிடும். வெட்டிய தண்டு உடனே வாளித் தண்ணீரில் இறங்க வேண்டும்.

அடுத்தது தரம்பிரிப்புக் கூடம். நீளம் 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று பிரிப்பார்கள். கூடவே தலையின் அளவு, தண்டின் வளைவு, இதழ் விளிம்பில் இலைப்பேன் சுரண்டிய தழும்பு, போட்ரைடிஸ் பூசணத்தின் ஊசிமுனைப் புள்ளி, எல்லாவற்றையும் தண்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அந்தச் சுற்றுக்குள் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் பெட்டி முழுவதும் அழுகி, ஆல்ஸ்மேரிலிருந்து புகார் வரும். பிறகு அட்டை சுற்றி, கட்டு கட்டி, 2 முதல் 4 டிகிரி குளிர் அறைக்கு அனுப்புவார்கள். இரவு லாரி, நைரோபி விமான நிலையம், மறுநாள் உங்கள் ஊர்.

நான் வேலை பார்த்த பண்ணைகளில் பறிப்பு, தரம்பிரிப்பு, கட்டுக் கட்டுதல் மூன்றும் பெண்கள் கையில். மருந்தடிப்பு, பாசனம், கூரை வேலை, டிராக்டர் எல்லாம் ஆண்கள். ஆளெடுக்கும்போது சொல்லப்படும் காரணம் உங்கள் மேற்பார்வையாளர் சொன்ன அதே காரணம்தான்: மென்மையான கை. இரண்டு தரப்பையும் வைத்து வேலை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், பூ கசங்குவதும் கசங்காததும் பயிற்சியைப் பொறுத்தது. புதிதாக வந்த பெண்ணும் முதல் வாரத்தில் வாளி வாளியாகக் கசக்கத்தான் செய்வாள்.

கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொட்டின் நிலையைக் கண்ணால் கணித்து வெட்டுகிறவள் "பொதுத் தொழிலாளி". தெளிப்பான் பிடிக்கிறவனுக்குத் தனிப்படி உண்டு. பம்பு ஓட்டுகிறவன் "இயக்குநர்". பூவின் விலையை முடிவு செய்வது யாருடைய கண் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் தரம்பிரிப்பு மேசையில் நிற்கும் பெண்ணுடையது.


நேர்கோடு

ஏரிக்கரை நண்பரே, தெரிந்தவர் எழுதியதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பண்ணைகள் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? வெயிலில் களையெடுப்பதைவிடக் கூரைக்குக் கீழே பூப் பறிப்பது மேல் இல்லையா? எதற்கெடுத்தாலும் குறை சொல்வது நமக்கு ஒரு வியாதி.


பாகலூர்க்காரி (ஒசூர்)

நேர்கோடு தம்பி, ஏப்ரல் மாதம் பகல் ஒரு மணிக்குப் பாலிஹவுஸுக்குள், அதுதான் அந்தப் பிளாஸ்டிக் கூரைக் கூடத்துக்குள், வந்து பாருங்கள், "கூரைக்குக் கீழே" என்றால் என்ன என்று புரியும். வெளியே வெயிலடித்தாலும் காற்று வரும். உள்ளே அதுவும் கிடையாது. பக்கவாட்டுத் திரையைச் சுருட்டி விட்டாலும் நடுப் பாத்தியில் மூச்சு முட்டும். அங்கிருந்து வியர்வை காயுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு கோல்டு ரூமுக்குப் போக வேண்டும். உடம்பு எதற்குப் பழகும் சொல்லுங்கள்?

ஒசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பல வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். கிரேடிங் ஹாலில் ஈரச் சிமெண்டுத் தரையில் கம்பூட்ஸ் போட்டு நின்றபடி வேலை. உட்கார ஸ்டூல் கேட்டோம். உட்கார்ந்தால் வேகம் குறையும் என்றார்கள். மொட்டுக்கு வலைக் குல்லாய் மாட்டுவது, கீழ் இலையும் முள்ளும் உருவுவது, இருபது இருபதாக அடுக்கி அட்டை சுற்றி ரப்பர் போடுவது என்று நாள் போகும். கையுறை கொடுத்தார்கள், ஆண் கை அளவில். விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு ரப்பர் மாட்டவே முடியாது, கழற்றிவிட்டுத்தான் செய்வோம். பிறகு ஆய்வுக்கு வருகிறவர் எங்களைப் பார்த்து, "கையுறை கொடுத்தும் இவர்கள் போடுவதில்லை" என்று எழுதிக்கொண்டு போவார்.

பிப்ரவரிப் பூவுக்கு டிசம்பர் நடுவிலேயே கவாத்து வெட்டிவிடுவார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் மொட்டு வரும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி பத்து, பன்னிரண்டு வரை எங்களுக்கு இரவு பகல் கிடையாது. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வந்ததும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஓவர்டைம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு விட்டால் ஊருக்கு வண்டி வேண்டாமா? ஆண்கள் பைக்கில் போய்விடுவார்கள். நாங்கள் பெட்டி ஏற்றும் டெம்போ வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்போம்.

கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கேட்டால், "அவன் மருந்து டிரம் தூக்குகிறான், உங்களுக்கு லேசான வேலை" என்பார் மேஸ்திரி. தண்ணீரோடு ஒரு வாளிப் பூ என்ன எடை இருக்கும், அதை ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம் என்று அவர் கணக்குப் பார்த்ததே இல்லை.


மூன்று ஏக்கர் (தளி)

நான் பூ வளர்ப்பவன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள்.

இந்த இழையில் எல்லோரும் பெரிய ஏற்றுமதிப் பண்ணையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஒசூர், தளி, பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்னைப் போல வங்கிக் கடனும் மானியமும் வாங்கிக் கூரை போட்ட சிறு விவசாயிகள் நிறையப் பேர். தாஜ்மகால் வகை ரோஜா ஒரு கட்டு, காதலர் தினத்துக்கு முன்னால் ஒரு விலை, பதினைந்தாம் தேதி ஒரு விலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கட்டை வாங்க ஆள் இருக்காது. ஏற்றுமதிக்குப் போட்டி கென்யா, எத்தியோப்பியா. உள்ளூரில் போட்டி பிளாஸ்டிக் பூ. ஐந்து வருடத்தில் கூரைத் தாளை மாற்ற வேண்டும், ஒரு சூறைக்காற்று வந்தால் அதற்கு முன்பே கிழிந்துவிடும்.

ஆனால் பாகலூர்க்காரி அம்மா சொன்ன கூலி வித்தியாசம் என்னிடமும் இருக்கிறது. ஊரில் என்ன கொடுக்கிறார்களோ அதைக் கொடுக்கிறேன். இப்போது அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒசூரைச் சுற்றி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்ததிலிருந்து படித்த பெண்பிள்ளைகள் பூவுக்கு வருவதில்லை. பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது, பி.எஃப். உண்டு, ஏ.சி. உண்டு. என் கூரைக்குக் கீழே இப்போது இருப்பவர்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பெண்களும், ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்த இளம் பெண்களும்தான். மென்மையான கை என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. வந்தால் போதும்.


பாகலூர்க்காரி

ஐயா, வித்தியாசம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. முதலாளிமார் யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். ஒடிசாப் பெண்களுக்குக் கூலி கையில் போகிறதா, கணவன் கையில் போகிறதா?


மூன்று ஏக்கர்

கணவனிடம்தான். இருவருக்கும் சேர்த்து. அவர்களே அப்படிக் கேட்டார்கள்.


பாகலூர்க்காரி

"அவர்களே" என்றால் யார், அந்தப் பெண்ணா?


கைநாடி (தொழில்சார் நல மருத்துவர்)

கொஞ்சம் மருத்துவமும் பேசுவோம். "லேசான வேலை" என்ற இந்த வகைப்பாடு ஊதியத்தோடு நிற்பதில்லை, பாதுகாப்பையும் அதுதான் தீர்மானிக்கிறது.

ரோஜா பேன், சிலந்தி, சாம்பல் நோய் எல்லாவற்றுக்கும் இலக்கான பயிர். உண்ணும் பொருள் அல்லாததால், காய்கறிக்கு இருப்பது போல எஞ்சிய நஞ்சுக்கு உச்சவரம்பு பார்த்து வாங்கும் கட்டாயம் பூவுக்கு நீண்ட காலம் இல்லை. மருந்தடிப்பவர் முகமூடி, அங்கி, பூட்ஸ் போடுகிறார். நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளைக் கையாள்பவருக்கு, அந்த மருந்து முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்த நடைமுறை. நல்ல பண்ணைகள் செய்கின்றன. அவர் அடித்துவிட்டுப் போன பிறகு, அந்த இலைகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டுப் பறிப்பவர் யார்? அவருக்கு முகமூடியும் இல்லை, பரிசோதனையும் இல்லை, ஏனென்றால் அவர் "மருந்து வேலை" செய்வதில்லை. இவ்வகை மருந்துகள் பலவும் தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை. முள் கீறிய தோல், வியர்வையில் ஊறிய தோல் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் மருந்துப் பெட்டியின் சீட்டில் மறுநுழைவு நேரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அடித்த பிறகு இத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது. மருந்தைப் பொறுத்து அது 4 மணி நேரமாகவும் இருக்கலாம், 24, 48 மணி நேரமாகவும் இருக்கலாம். பிப்ரவரி முதல் வாரத்தில் இதை யார் மதிக்கிறார்கள்?

கொலம்பியாவில் பொகோட்டாவைச் சுற்றியுள்ள பூப்பண்ணைத் தொழிலாளர்கள் 8,867 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று 1990 இல் வெளியானது. அவர்கள் 127 வகைப் பூச்சிக்கொல்லிகளோடு புழங்கியிருந்தார்கள். பூ வேலைக்கு வந்த பிறகு உண்டான கர்ப்பங்களில் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் பிறவிக் குறைபாடும் ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டன. கேட்டறிந்த தகவலை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் எண்ணிக்கையைக் கவனத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய மருந்துகளும் வேறு. ஆனால் கேள்வி பழையதாகிவிடவில்லை. கர்ப்பம் என்று தெரியும் முன் போகும் முதல் சில வாரங்கள்தான் குழந்தைக்கு ஆபத்து மிகுந்தவை. "கர்ப்பிணிக்கு இலகு வேலை கொடுக்கிறோம்" என்று பண்ணைகள் சொல்வது அந்த வாரங்கள் கடந்த பிறகு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தரி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரத்துப் போவது, குளிரில் அது மோசமாவது. முள் குத்திய இடத்தில் ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூசணப் புண், கை மேலே வரிசையாக முடிச்சு முடிச்சாக ஏறும். கழிப்பறை தூரம் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று. கடைசியாகச் சொன்னதைப் பெண்கள் தாமாகச் சொல்லவே மாட்டார்கள், கேட்க வேண்டும்.


நேர்கோடு

டாக்டர், அப்படியானால் பெண்களைப் பூ வேலைக்கே எடுக்கக் கூடாது என்கிறீர்களா? தீர்வு சொல்லுங்கள்.


கைநாடி

இல்லை. மருந்தை ஆணுடைய விந்தணுவும் விரும்புவதில்லை. எடுக்கக் கூடாதது ஆபத்தான மருந்தை.


உயர்நிலம் (பொகோட்டா)

மொழிபெயர்ப்பு வேலையாக இங்கே இருக்கிறேன். கொலம்பியாவின் பெயர் வந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொகோட்டா மேட்டுச் சமவெளி 2,600 மீட்டர். இங்கே பூ வளர்த்தால் அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று 1967 இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் சீவர் என்ற மாணவர் ஆய்வேடு எழுதினார். வெயிலுக்கும் மண்ணுக்கும் இணையாக அதில் இருந்த ஈர்ப்பு மலிவான கூலி. 1969 இல் ஃப்ளோரமெரிக்கா நிறுவனம் தொடங்கியது. கார்னேஷன் அனுப்பினார்கள், பிறகு ரோஜா. 1991 இல் போதைப்பயிருக்கு மாற்று என்ற பெயரில் அமெரிக்கா சுங்கவரியை எடுத்துவிட்டது. அமெரிக்க ரோஜாத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கூரையைக் கழற்றின. இன்று உலகில் நெதர்லாந்துக்கு அடுத்த பெரிய ஏற்றுமதி நாடு கொலம்பியா.

மத்ரிட், ஃபகதத்திவா, ஃபுன்சா என்று சமவெளியில் உள்ள ஊர்களில் விடியற்காலை இருட்டில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழிலாளரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் கணவன் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்மார் ஏராளம். ஆரம்ப காலத்தில் வேலைக்குச் சேரும்போது கர்ப்பப் பரிசோதனைச் சான்று கேட்பது சகஜமாக இருந்தது. ஒருத்தி கருவுற்றிருந்தால் அவள் கையின் மென்மை எங்கே போய்விடும் என்று யாரும் விளக்கவில்லை.

நேர்கோடு சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை நான் விட்டுவிடத் தயாராக இல்லை. பூவுக்கு முன்னால் இந்தப் பெண்களுக்கு இருந்த வழி, பொகோட்டாவில் பணக்கார வீட்டில் தங்கி வேலை செய்வது. அங்கே வேலை நேரத்துக்கு எல்லையே கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. பூப்பண்ணைச் சம்பளச் சீட்டைக் காட்டி வீட்டுக் கடன் வாங்கிய பெண்கள், அடிக்கிற கணவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய பெண்கள் இங்கே இருக்கிறார்கள். "பூதான் என்னை ஆளாக்கியது" என்று சொல்லிக்கொண்டே, பொத்தான் போட முடியாத விரலைக் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், நாம்தான் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

பிப்ரவரிக்கும் மே மாத அன்னையர் தினத்துக்கும் தற்காலிக ஆள் எடுத்து, முடிந்ததும் அனுப்பிவிடுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. அதனாலேயே பிப்ரவரி 14 ஐத் தொழிற்சங்கத்தினர் பூத்தொழிலாளர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பக்கத்து நாடான ஈக்வடாரில் இன்னொரு வேடிக்கை. கயாம்பே பகுதியின் நீளத் தண்டு ரோஜாவுக்கு ரஷ்யா பெரிய சந்தை. அங்கே மார்ச் 8 அன்று பெண்களுக்குப் பூக் கொடுப்பது வழக்கம். ஆகவே உலக மகளிர் தினத்துக்காகக் கயாம்பேப் பெண்களுக்கு மிகைநேர வேலை.


வடலி

எல்லோருக்கும் நன்றி. பாகலூர்க்காரி அக்கா சொன்ன கையுறைக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரிசைப் பெண்களுக்குச் சொன்னேன். போலந்துக்காரி ஒருத்தி எழுந்துபோய்த் தன் கையுறையைக் கொண்டுவந்து காட்டினாள். இங்கேயும் பெரிய அளவுதான்!

இன்னொரு கேள்வி. எங்கள் பெட்டிகளில் நியாய வணிக (ஃபேர்ட்ரேட்) முத்திரை உள்ளவை சில, இல்லாதவை பல. முத்திரையால் பறிக்கிற பெண்ணுக்கு ஏதாவது போய்ச் சேர்கிறதா, அல்லது வாங்குகிறவரின் மனச்சாட்சிக்கு மட்டும்தானா?


ஏரிக்கரை

இரண்டும் உண்டு, அக்கா. நியாய வணிக முத்திரையோடு விற்ற பூவின் விலையில் 10 சதவீதம் கூடுதலாகத் தொழிலாளர் குழுவின் கணக்குக்கு வரும். அதில் பள்ளிக் கட்டணம், சமையல் எரிவாயு அடுப்பு, மகப்பேறு அறை, தையல் பயிற்சி என்று செய்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பண்ணை முழுவதும் முத்திரை பெற்றிருந்தாலும் அந்த முத்திரையோடு விற்பது ஒரு பகுதிதான். மிச்சம் உங்கள் ஆல்ஸ்மேர் ஏலக் கடிகாரத்துக்குப் போகிறது. அங்கே கடிகார முள் காட்டும் விலை மேலிருந்து கீழே இறங்கும், யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குப் பூ. அந்தக் கடிகாரத்துக்குத் தாய்சேய் நலம் தெரியாது.

இங்கே பெண்களுக்குக் கிடைத்தவற்றில் உறுதியானவை சட்டத்தாலும் சங்கத்தாலும் வந்தவை என்பது என் கணிப்பு. 1976 ஆம் ஆண்டின் கென்ய வேலைவாய்ப்புச் சட்டத்தில் மகப்பேறு விடுப்பு இரண்டு மாதம். அதை எடுத்தால் அந்த ஆண்டின் வருடாந்தர விடுப்பு பறிபோய்விடும்! பிள்ளை பெற்றது ஓய்வெடுத்த கணக்கில் வந்தது. 2007 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி முழு ஊதியத்தோடு மூன்று மாதம் ஆக்கியது, வருடாந்தர விடுப்பும் தப்பியது. வீட்டு வசதி அல்லது வீட்டுப்படி கொடுப்பதும் சட்டக் கடமை. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் போடும் கூட்டு ஒப்பந்தம் இவற்றின் மேல் கொஞ்சம் சேர்க்கும்.

ஆனால் பருவகால ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு? ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, குழந்தை மே மாதம். மறுபடி எடுக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. எனவே வயிற்றை மறைத்துத் தளர்ந்த மேலங்கி போடுவார்கள். மேலங்கியைப் பெரிதாகக் கேட்டு வாங்கினால் கூடத்தில் மற்ற பெண்களுக்குப் புரிந்துவிடும். வாளியை அவளுக்குப் பதிலாக வேறொருத்தி தூக்குவாள்.

அடுத்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் மேற்பார்வையாளன் ஒருவன் கையில் இருந்தால், அவன் எதையெல்லாம் விலையாகக் கேட்பான் என்று விளக்க வேண்டியதில்லை. 2000களின் தொடக்கத்தில் கென்ய மனித உரிமை அமைப்புகளும் பெண் தொழிலாளர் அமைப்புகளும் இதை வெளியே கொண்டுவந்தன. இந்தப் பூவை வாங்கி விற்ற பிரிட்டிஷ் அங்காடிகளுக்குத் தலைகுனிவு ஏற்பட்டது. அதன் பிறகுதான் பண்ணைகளில் பெண்கள் குழு, புகார்ப் பெட்டி எல்லாம் வந்தன. வெறும் புகார்ப் பெட்டியை நான் நம்புவதில்லை. பல இடங்களில் அது அலுவலக வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கும். பெண்களையே மேற்பார்வையாளர் ஆக்கிய பண்ணைகளில்தான் நிஜமான மாற்றத்தைப் பார்த்தேன்.

இன்னொன்று. தொழில் ஆட்டம் காணும்போது முதலில் விழுபவர்கள் இவர்கள். 2008 ஜனவரியில் தேர்தல் கலவரம் நைவாஷாவுக்கு வந்தபோது மேற்கு மாவட்டங்களிலிருந்து வந்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஓடின. சரியாகக் காதலர் தினப் பறிப்புக்கு முன்னால். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியது, இங்கே ரோஜா குப்பை மேட்டுக்குப் போனது, ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா. இடையில் பெங்களூரின் கருத்தூரி நிறுவனம், 2007 இல் இங்குள்ள மிகப் பெரிய ரோஜாப் பண்ணை ஒன்றை வாங்கியது, 2014 இல் கடன்காரர்களின் நிர்வாகத்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் காரகிட்டா, கசராணிக் குடியிருப்புகளில் ஒற்றை அறை வாடகை கட்ட முடியாமல் குழந்தையைப் பாட்டியிடம் ஊருக்கு அனுப்பும் தாய்மாரைப் பார்க்கலாம். அவர்களைத் தாங்கிப் பிடிப்பது "சாமா" என்ற பெண்கள் சேமிப்புக் குழு. நம் ஊர்ச் சீட்டும் மகளிர் குழுவும் கலந்தது போல இருக்கும்.


நேர்கோடு

சரி, ஒத்துக்கொள்கிறேன், படித்ததில் பாதி எனக்குத் தெரியாது. ஆனால் பூ வாங்குவதை நிறுத்தச் சொல்லப் போகிறீர்களா இல்லையா?


உயர்நிலம்

இல்லை. இங்கே சங்கத்துப் பெண்களிடம் புறக்கணிப்பு என்று சொல்லிப் பாருங்கள், கத்தரியோடு துரத்துவார்கள். அவர்கள் கேட்பது நிரந்தர வேலை, நேரடி ஒப்பந்தம், சங்கம் வைக்க உரிமை.


மூன்று ஏக்கர்

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அம்மாவிடம் ஒரு கேள்வி. என்னிடம் மூன்று கூரை. மருந்து அடித்ததை நான் டைரியில் எழுதுகிறேன், பறிக்கிற பெண்களுக்குத் தெரிவதில்லை என்பது உண்மை. ஒடிசாப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பெண்களில் சிலருக்கு தெலுங்கு, கன்னடம்தான் சரளம், படிப்பும் குறைவு. இவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது? அதிகச் செலவில்லாத வழியாகச் சொல்லுங்கள்.


கைநாடி

செலவே இல்லை. ஒவ்வொரு கூரைக்கும் சிவப்பு, பச்சை என இரண்டு பக்கம் உள்ள ஒரு தகரப் பலகை. அடித்தவுடன் சிவப்பு. கீழே மீண்டும் நுழையும் நேரத்தைக் கடிகார முகமாக வரைந்துவிடுங்கள், எழுத்து வேண்டியதில்லை. மருந்தை மாலையில், பறிப்பு முடிந்த பிறகு அடியுங்கள். மூன்று கூரையையும் ஒரே நாளில் அடிக்காதீர்கள். அப்போதுதான் ஒன்று மூடியிருந்தாலும் மற்றதில் வேலை நடக்கும், "பரவாயில்லை, போ" என்று சொல்ல உங்களுக்கே ஆசை வராது. தண்ணீர்க் குழாயும் சோப்பும் கூரை வாசலிலேயே இருக்கட்டும். சாப்பிடும் முன் கழுவ இருநூறு அடி நடக்க வேண்டும் என்றால் யாரும் நடக்க மாட்டார்கள். வேலை உடுப்பைப் பண்ணையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்குப் போனால் குழந்தைத் துணியோடுதான் ஊறும்.


பாகலூர்க்காரி

ஐயா, பலகையைத் திருப்பிப் போடும் வேலையை மருந்தடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் அடித்து முடித்த களைப்பில் மறந்துவிடுவார். பறிக்கிற பெண்களில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். சிவப்பாக இருக்கும்போது உள்ளே போகச் சொன்னால் மறுக்கலாம், கூலி பிடிக்க மாட்டேன் என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது சும்மா தகரம்தான். சிறிய அளவுக் கையுறை ஒசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உழவு சாமான் கடையிலேயே கிடைக்கிறது.

ஒடிசாப் பெண்களின் கூலியைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.


மூன்று ஏக்கர்

கணவன் இல்லாத நேரத்தில் அந்தப் பெண்ணிடமே கேட்டேன், பேரிகையில் கடை வைத்திருக்கும் ஒடியாக்காரரின் மனைவியை அழைத்துப் போய். தனியாக வேண்டும் என்றாள். வங்கிக் கணக்கு ஊரில் இருக்கிறதாம், புத்தகம் மாமியாரிடம். இங்கே புதிதாகத் திறக்க என்னென்ன தாள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.